மோதலுக்கு முந்தைய இரண்டு நொடி

விடியற்காலை. திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கி ஒரு கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 60 மீட்டர் முன்னால், ஓரமாக ஒதுங்காமல், இடது லேனை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நிற்கிறது. பின்விளக்கு எரியவில்லை. ஒட்டியிருந்த ரேடியம் ஸ்டிக்கரில் சேறு படிந்து கிடக்கிறது. ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த லாரி கண்ணில் பட்ட கணத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பார்த்த ஒரு நொடிக்குள் ஓட்டுநர் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துவிட்டால், லாரியில் மோதும்போது காரின் வேகம் ஏறக்குறைய 42. ஒன்றரை நொடி கழித்து மிதித்தால் 63. இரண்டரை நொடி ஆகிவிட்டால் பிரேக் பெடலில் கால் படுவதற்கு முன்பே லாரி வந்துவிடும். 90 அப்படியே 90-ஆக மோதும். சாலை காய்ந்திருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, பிரேக் நொடிக்கு 25 கிலோமீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மழையில் இதைவிட மோசம்.

மூன்றிலும் கார் மோதத்தான் செய்கிறது. மறுநாள் நாளிதழில் மூன்றுமே ‘நின்ற லாரி மீது கார் மோதல்’தான். ஆனால் மோதலின் சக்தி வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. 42-இல் மோதுவதைவிட 63-இல் மோதும்போது உடலைத் தாக்கும் சக்தி இரண்டேகால் மடங்கு. 90-இல் நாலரை மடங்குக்கும் மேல். கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்.சி.ஏ.பி. திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது. அதன் நேர்மோதல் சோதனை நடப்பது 64 கிலோமீட்டர் வேகத்தில். ஐந்து நட்சத்திரம் வாங்கிய காருக்கும் உறுதி அந்த வேகத்துக்குத்தான். அதுவும் நசுங்கிக் கொடுக்கும் தடுப்பின் மீது மோதும்போது. 90-இல் வரும் சக்தி அதைப்போல இரண்டு மடங்கு.

விபத்து என்றதும் யார் மேல் தப்பு என்றுதான் கேட்கிறோம். வழக்குக்கும் இழப்பீட்டுக்கும் அந்தக் கேள்வி வேண்டும். காலில் மாவுக்கட்டோடு வீடு திரும்பினாரா, பிணவறைக்குப் போனாரா என்பதை முடிவு செய்வதில் இன்னொன்றுக்கும் பெரிய பங்கு உண்டு: மோதுவதற்கு முந்தைய அந்த இரண்டு நொடியில் ஓட்டுநரின் காலும் கையும் என்ன செய்தன? அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இந்தச் சாலையின் குணம்

சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் ஜி.எஸ்.டி. சாலை, பழைய 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. எண்ணை மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியும் ஓட்டுநர்கள் வாயில் அது இன்னும் ‘என்.எச். 45’தான். திண்டிவனத்தில் புதுச்சேரிக்கு ஒரு கிளை பிரிகிறது. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் இன்னொன்று. அடுத்த 40 கிலோமீட்டர் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி டோல், முண்டியம்பாக்கம், பிறகு விழுப்புரம் பைபாஸ். திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில் வண்டிகளில் பெரும்பகுதி இந்த 40 கிலோமீட்டரைக் கடந்துதான் தீர வேண்டும்.

நேரான, அகலமான நான்குவழிச் சாலை. ஆக்சிலேட்டரில் கால் தானாக அழுந்தும். ஆனால் இது வேலி போட்ட எக்ஸ்பிரஸ்வே அல்ல. சென்டர் மீடியனில் விட்ட இடைவெளிகளில் டூவீலர்கள் திரும்புகின்றன. அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர மனமில்லாதவர்கள் எதிர்த்திசையிலேயே வருகிறார்கள். கரும்பு வெட்டும் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்கு டிராக்டர்கள் போகும். டிரெய்லரை மீறி இருபுறமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும்; பின்னால் விளக்கு இருந்தாலும் தோகை மறைத்துவிடும். நூறில் வருகிற காருக்கும் இருபதில் ஊர்கிற டிராக்டருக்கும் ஒரே லேன்.

2019 பிப்ரவரி 23 அன்று விழுப்புரம் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்த எஸ். ராஜேந்திரன் திண்டிவனம் அருகே கார் சென்டர் மீடியனில் மோதி இறந்தார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 2011 மே 23 அன்று, சட்டமன்ற உறுப்பினராகப் பதவியேற்கச் சென்னைக்கு இதே நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்த அமைச்சர் மரியம் பிச்சை பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர் அருகே கார் லாரியில் மோதி இறந்தார். நல்ல காரும் அனுபவமுள்ள ஓட்டுநரும் வாய்க்கக்கூடியவர்களுக்கே இந்தச் சாலை இப்படி என்றால், மொபெட்டில் குறுக்கே போகும் கீரை வியாபாரியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். நாடு முழுவதும் நூறு விபத்துக்கு 36 பேருக்கு மேல் இறக்க, இங்கே ஏறக்குறைய 28 பேர். சின்ன விபத்துகளும் இங்கே பதிவாகின்றன, 108 ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருகிறது என்பவை இதற்குக் காரணமாக இருக்கலாம். அதே அறிக்கையில் நாட்டு அளவில் முதலிடம் பிடித்த விபத்து வகை, பின்னால் வந்து மோதுவது. ஐந்தில் ஒன்றுக்கு மேல். முன்னே போகிறவரைப் பார்த்தும் நிறுத்த முடியாமல் போனவர்கள், பார்க்கவே பார்க்காதவர்கள் இரண்டு தரப்பும் அதில் சேர்த்தி.

பிரேக் தடமே இல்லாத விபத்து

சம்பவ இடத்துக்கு முதலில் வரும் அனுபவமுள்ள காவலர் தார் மேல் டயர் தேய்ந்த கறுப்புத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஓட்டுநர் கடைசி நேரத்திலாவது பார்த்திருக்கிறார். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் தடம் அவ்வளவு தெளிவாக விழாது; என்றாலும் தேடினால் ஏதாவது அகப்படும். எதுவுமே இல்லை, வண்டி வந்த வாக்கில் நேராகப் போய் இறங்கியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் தூக்கம்.

மாலையில் தென்மாவட்டங்களில் கிளம்பிய வண்டி சென்னைக்கு வரும் வழியில் விழுப்புரத்தைத் தொடும்போது பின்னிரவு இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஆகிவிடும். மனித உடல் தூக்கத்தை மிகப் பிடிவாதமாகக் கேட்கும் நேரமும் அதுதான். ‘இன்னும் ரெண்டு மணி நேரம், சென்னை வந்துடும்’ என்று நினைக்கிற இடமும் இதுதான். பிழைத்தவர்கள் பிறகு சொல்லும் ‘கொஞ்சம் கண் அசந்துட்டேன்’ என்பதில் அந்தக் ‘கொஞ்சம்’ மூன்று நொடி என்று வைத்துக்கொண்டாலும், 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 75 மீட்டர் போயிருக்கும். கண்ணைத் திறந்துகொண்டே மூளை அணைந்துபோவதும் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கும் அது தெரியாது.

விழித்திருந்து தவறாகப் பிரேக் பிடித்தவர்கூட மோதலின் வேகத்தில் ஒரு பகுதியையாவது கழித்திருப்பார். தூங்கியவர் வண்டியின் முழு வேகத்தையும் அப்படியே மோதலுக்குக் கொண்டுபோகிறார். அதிகாலை விபத்துகளில் ஒரே குடும்பத்தில் மூன்று, நான்கு பேர் என்று செய்தி வருவதன் காரணங்களில் இது முக்கியமானது. சோதனைச் சாவடிகளில் இரவில் வண்டியை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பும் காவலர்களின் வேலையை நான் சிறியதாக நினைக்கவில்லை. ஆனால் தேநீர் தரும் தெளிவு நிலைப்பதில்லை. டீக்கடை வாசலிலேயே இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்புவது அதைவிட மேல். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றுதான் சொன்னது. கல்யாணத்துக்கு வேன் பேசுகிறவர்கள் ‘நைட்டோட நைட்டா திரும்பிடலாம்’ என்று ஓட்டுநரிடம் சொல்லும்போது, பகலில் அவர் தூங்கினாரா என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? மண்டப வாசலில் வண்டிக்குள் சுருண்டு கிடந்ததைத் தூக்கம் என்று சொல்ல முடியாது.

ஸ்டியரிங்கை ஒடிக்கும் கை

‘டிரைவரின் சாமர்த்தியத்தால் பயணிகள் உயிர் தப்பினர்.’ இந்த வரியை நம் செய்திகள் பல காலமாக எழுதிவருகின்றன. நெஞ்சு வலி வந்த நிலையிலும் பேருந்தை ஓரம் கட்டி நிறுத்திய அரசுப் பேருந்து ஓட்டுநர்களைப் பற்றி எழுதும்போது அந்த வரி முழு உண்மை. அவர்களுக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் சாமர்த்தியம் என்றால் ‘சட்டுனு ஒரு கட் அடிச்சு’ விலகுவது என்று ஒரு படிமம் நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஆட்களைக் கொல்வதில் அந்தக் கட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். முன்னால் தடை என்றதும் கை வலப்பக்கம் போகும். இடப்பக்கம் சாலை முடிந்துவிடுகிறது, வலப்பக்கம் அடுத்த லேன் காலியாகத் தெரிகிறது. முழுவதும் விலக நேரம் போதவில்லை என்றால் காரின் வலப்பாதி தப்பிக்கும். இடப்பாதி லாரியின் பின்மூலையில் சிக்கும். பானெட் லாரிக்கு அடியில் நுழைந்துவிட, லாரியின் தளம் நேராக முன்கண்ணாடிக்கு வரும். மோதலை வாங்கிக்கொள்வதற்கென்று காரின் மூக்கில் செய்து வைத்த நசுங்கும் பகுதிக்கு அங்கே வேலையே இல்லாமல் போகிறது. லாரிகளின் பின்னால் தாழ்வாக ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். அது வளைந்தும் துருப்பிடித்தும் தொங்குகிற லாரிகளை எந்த டோலிலும் பார்க்கலாம்.

அந்த இடது முன் இருக்கையில் யார் உட்காருகிறார்கள்? வீட்டுப் பெரியவர். அல்லது, ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுக்க வந்த தம்பி, மைத்துனன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓட்டுநர் வேண்டுமென்று செய்வதல்ல இது. யோசனைக்கு நேரமே இல்லாத இடத்தில் உடம்பு செய்வது. பிழைத்த ஓட்டுநர்கள் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமந்து திரிகிறார்கள்.

விலகுவதில் வெற்றி பெற்றாலும் ஆபத்து முடிவதில்லை. டயருக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. முழு பிரேக்கும் முழுத் திருப்பமும் ஒரே நேரத்தில் கேட்டால் டயரால் கொடுக்க முடியாது. வலப்பக்கம் ஒடித்து, மீடியன் நெருங்குவதைப் பார்த்துப் பதறி இடப்பக்கம் ஒடிக்கும்போது வண்டியின் பின்பகுதி சுழன்றுவிடும். உயரமான வேன், எஸ்.யூ.வி. என்றால் கவிழும். மீடியனைத் தாண்டி எதிர்த்திசையில் விழுந்தால், 90-இல் போனவரும் 90-இல் வந்தவரும் நேருக்கு நேர். நின்ற லாரியில் 50-இல் மோதிக் கை முறிந்திருக்க வேண்டிய ஒரு விபத்து, இரண்டு வாகனங்களிலும் சாவாக மாறுவது இப்படித்தான்.

ஆகவே நெடுஞ்சாலையில் நாயோ ஆடோ குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதியுங்கள். இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்த உயிரும் உயிர்தான். பின்சீட்டில் தூங்குகிற குழந்தைகளை நினைத்துச் சொல்கிறேன். மீடியன் இடைவெளியில் இருந்து டூவீலர் வந்தாலும் முதலில் பிரேக். அந்த ஆள் நிற்பாரா, முன்னால் ஓடுவாரா என்று அவருக்கே தெரியாது. நீங்கள் ஒடிக்கிற பக்கமே அவரும் வரலாம். வேகம் பாதியாகக் குறைந்த பிறகு, இடம் தெளிவாகத் தெரிந்தால், மெல்ல விலகலாம். ஏ.பி.எஸ். உள்ள காரில் பிரேக்கை மிதித்தபடியே திருப்ப முடியும். பெடல் காலுக்கடியில் அதிரும்போது பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

பாதி மிதித்த பிரேக்

1990-களின் தொடக்கத்தில் பெர்லினில் இருந்த மெர்சிடிஸ் பென்ஸின் ஓட்டுநர் சிமுலேட்டரில் சாதாரண ஓட்டுநர்களை உட்காரவைத்துத் திடீர் ஆபத்துகளைக் காட்டினார்கள். பெரும்பாலானவர்கள் பிரேக்கை வேகமாகத்தான் மிதித்தார்கள், ஆனால் முழு பலத்தோடு மிதிக்கவில்லை. தயங்கினார்கள், முதலில் பாதி, மோதப்போகிறது என்று தெரிந்தபின் மீதி. வண்டிக்கு நிற்கும் திறன் இருந்தும் கால் அதைக் கேட்கவில்லை. கால் பாய்ந்து வரும் வேகத்தை வைத்தே அவசரத்தை உணர்ந்து மீதி அழுத்தத்தை வண்டியே கொடுக்கும் ‘பிரேக் அசிஸ்ட்’ 1996-இல் வந்ததற்கு அந்தச் சோதனைகள்தான் காரணம்.

நம் சாலையில் சாகிறவர்களில் பெரும்பகுதி கார்க்காரர்கள் அல்ல. 2022-இல் நாட்டில் இறந்தவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தது. தப்பிக்க என்ன செய்வதென்றாலும் ஓட்டுபவருக்குக் கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்தது, பின்பிரேக்கை அமுக்கிப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டது. முன்பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை.

இந்த அறிக்கையை விழுப்புரத்தில் யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. ‘முன் பிரேக் பிடிக்காதே, குப்புற விழுவே’ என்று முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்து வளர்க்கிற ஊர் நம்முடையது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு வந்துவிடும். நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை அதுதான் செய்ய முடியும். இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கை ஒரேயடியாக இறுக்காமல் படிப்படியாக அழுத்திப் பழகியவர், பின்பிரேக்கை மட்டும் நம்புகிறவரைவிடப் பல மீட்டர் முன்பே நிற்பார். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயம். பழைய எக்ஸ்.எல்.களும் ஸ்பிளெண்டர்களும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்னொரு தயக்கமும் உண்டு. பின்னால் மனைவி ஒருபக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் குழந்தை. முழு பிரேக் போட்டால் அவர்கள் விழுந்துவிடுவார்கள் என்பது ஓட்டுகிறவருக்கு உடம்பிலேயே பதிந்திருக்கிறது. அதனால் மென்மையாகப் பிடிக்கிறார், ஒடித்துப் பார்க்கிறார். அன்பினால் வரும் அந்தத் தயக்கமே மோதலைக் கடுமையாக்கிவிடுகிறது. பின்னால் இருப்பவர் இருபுறமும் கால்போட்டு, பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தால் ஓட்டுகிறவரின் கைக்கு முழு பிரேக் பிடிக்கும் துணிச்சல் வரும்.

நூறிலிருந்து எண்பத்தொன்பதுக்கு

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்பில் கார் மோதித் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். காரைச் செய்த நிறுவனம் காவல்துறைக்குக் கொடுத்ததாக வெளிவந்த தகவல்படி, சில நொடிகளுக்கு முன் 100-ஆக இருந்த வேகம் மோதும்போது 89. பிரேக் மிதிக்கப்பட்டிருந்தது, பெரிதாகக் குறைவதற்குள் மோதிவிட்டது. காரில் நான்கு பேர். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவர் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவர் படுகாயத்தோடு பிழைத்தார்கள்.

பெல்ட்டுக்கும் ஓட்டுநரின் பிரேக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. முழு பிரேக் விழுந்ததுமே, மோதலுக்கு முன்பே, பெல்ட் போடாதவர் இருக்கையை விட்டு முன்னால் நகர்ந்துவிடுகிறார். ஏர்பேக் விரியும்போது அவர் முகம் அதன் மேலேயே இருக்கும். பின்சீட்டில் இருப்பவர் முன்சீட்டின் முதுகில் தன் முழு எடையோடு விழுந்து முன்னால் இருப்பவரையும் நசுக்குகிறார். உயிர் காக்கப் போட்ட பிரேக்கின் பலன் பெல்ட் போட்டவருக்குத்தான் முழுசாகப் போய்ச் சேருகிறது. பின்சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். ஆனாலும் சீட் கவர் மாட்டும்போது பின் பெல்ட்டின் கொக்கியை அடியில் தள்ளி மூடிவிடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை.

முதலில் போட்ட கணக்குக்குத் திரும்புகிறேன். அதே 60 மீட்டர், அதே லாரி. 90-இல் போய், ஒரு நொடியில் பிரேக் மிதித்தவர் 42-இல் மோதுகிறார். 80-இல் போய், ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டவர் ஏறக்குறைய 40-இல் மோதுகிறார். எதிர்பாராத ஆபத்துக்குச் சாதாரண மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றரை நொடிக்கு அருகில்தான். சாலை வடிவமைப்பில் இந்தியச் சாலைப் பேராயம் இன்னும் தாராளமாக இரண்டரை நொடி என்று வைத்திருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 180 மீட்டர் முன்னால் தெரிய வேண்டும் என்று அது கேட்பது அதனால்தான். ஒரு நொடியில் மிதிக்க இளமையும் விழிப்பும் அதிர்ஷ்டமும் வேண்டும். ஐம்பத்தைந்து வயதில், ஐந்து மணி நேரம் ஓட்டிய பிறகு, அந்த அரை நொடியை யாராலும் வாங்க முடியாது. வேகத்தைப் பத்துக் குறைத்தால் அதே பலன் கிடைக்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையிலான 40 கிலோமீட்டரில் அதற்குக் கொடுக்கும் விலை மூன்று நிமிடம் இருபது நொடி.

குறுக்கே நடப்பவருக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 50 கிலோமீட்டரில் வரும் கார் மோதுவதைவிட 65-இல் வரும் கார் மோதும்போது நடந்துசெல்பவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். விக்கிரவாண்டியிலோ கூட்டேரிப்பட்டிலோ பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடக்கிற பள்ளிப் பிள்ளையின் உயிருக்கும் சாவுக்கும் இடையே இருப்பது வரும் வண்டியின் அந்தப் பதினைந்து கிலோமீட்டர்தான்.

மோதிய பிறகு

ஓட்டுநரின் எதிர்வினை மோதலோடு முடிவதில்லை. கூட்டம் அடிக்கும் என்ற பயத்தில் ஓடிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் புரிகிறது. ஆனாலும் ஓடினால் ஓடும் தூரத்திலிருந்தாவது 108-ஐ அழைக்கலாம். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு; உதவி செய்கிறவர் மேல் அதற்காக வழக்குத் தொடர முடியாது என்று 2019-இல் சேர்த்த 134ஏ சொல்கிறது. நால்வழிச் சாலையில் கொடிய இரண்டாம் விபத்தும் உண்டு. மோதிய வண்டியைச் சுற்றி உதவ வந்தவர்கள் நிற்க, பின்னால் வரும் ஆம்னி பஸ் இருட்டில் அவர்கள் மேலேயே ஏறும். டேஞ்சர் லைட்டைப் போடுவது, செல்போன் வெளிச்சத்தோடு ஒருவரை நூறு மீட்டர் பின்னால், சாலைக்கு வெளியே நிறுத்துவது, மற்றவர்களை மீடியன் பக்கம் போகவிடாமல் இடது ஓரத்துக்கு இறக்குவது ஆகியவை இன்னும் சில உயிர்களைக் காக்கும்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மர். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பர் 18 அன்று முதல்வர் தொடங்கிவைத்ததும் இதே சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான். கையில் பணம் இல்லையே என்று ஒருவரும் தயங்க வேண்டியதில்லை.

மருத்துவத்தில் நடந்த அளவு முன்னேற்றம் பதிவில் நடக்கவில்லை என்பது என் ஆற்றாமை. முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டி வந்ததாக எழுதியிருக்கும். பிரேக் மிதித்தாரா, எத்தனை மீட்டர் தடம், எந்தப் பக்கம் ஒடித்தார், பெல்ட் இருந்ததா, எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்று அதில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வழி இல்லாமல் இல்லை. விபத்து நடந்த இடத்திலிருந்தே செல்போனில் விவரம் ஏற்றும் தரவுத்தளத்தைத் தேசியத் தகவலியல் மையத்தோடு சேர்ந்து சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. கோவையில் இயங்கும் ஜே.பி. ரிசர்ச் இந்தியா நிறுவனம் சாலைக்கே போய்த் தடத்தையும் நசுங்கலையும் அளந்து காயத்தோடு பொருத்திப் பார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும், மோதலுக்கு முந்தைய ஐந்து நொடியின் வேகத்தையும் பிரேக்கையும் குறித்துவைக்கும் கருவி கட்டாயம். நம் ஆம்னி பஸ்களிலும் கனரக லாரிகளிலும் அது வரட்டும். மருத்துவமனைக் காயப் பதிவும் காவல்துறைப் பதிவும் ஒரே இடத்தில் சேரட்டும். அப்போதுதான் கூட்டேரிப்பட்டில் தூக்கம் எவ்வளவு கொல்கிறது, விக்கிரவாண்டியில் நின்ற லாரி எவ்வளவு கொல்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ஓட்டுநர் உரிமத்துக்கு நாம் எட்டு போட்டுக் காட்டுகிறோம், ரிவர்ஸ் எடுத்துக் காட்டுகிறோம். அவசரத்தில் வண்டியை நிறுத்தும் திறனையும் பார்க்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-ஆம் விதி சொல்லியிருக்கிறது. எட்டு போடும் மைதானத்தில் அதற்கு நீளம் இருப்பதில்லை. அரசுப் பேருந்து ஓட்டுநர்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் பயிற்சி மையம் இருக்கிறது; சொந்த வண்டி ஓட்டுகிறவருக்கு, முழு பிரேக் என்பது காலுக்கு எப்படி இருக்கும் என்று தெரியவரும் முதல் நாளே விபத்து நாளாக இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு கார் முழு பிரேக்கில் நிற்க 20 மீட்டர் போதும். வேகம் எடுக்கவும் தவறினால் தப்பிக்கவும் சேர்த்து 200 மீட்டர் நேர்ச்சாலை இருந்தால் கார், டூவீலர் இரண்டுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்துவிடலாம். டி.என். 16 பலகை மாட்டும் திண்டிவனத்திலும் டி.என். 32 மாட்டும் விழுப்புரத்திலும் உரிமம் கொடுக்கும் அலுவலகங்களுக்கு அந்த 200 மீட்டர் வேண்டும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசலாம். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.